மூச்சு கூடினால் வேகம் கூடும்... ஆனால்? - சூப்பர்சார்ஜர் பூட்டிய படகுகளின் கதை!

1930 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கரையில் கூட்டம் நிறைந்திருந்தது. ஏரியின் நடுவே 'மிஸ் இங்கிலாந்து 2' என்ற படகு சீறிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் ஹென்றி செக்ரேவ். வயது 33. தரையில் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டிய முதல் மனிதர். அன்று அவருடைய இலக்கு, தண்ணீரில் யாரும் போகாத வேகம்.

இரண்டு ஓட்டங்கள் முடிந்தன. சராசரி வேகம் மணிக்கு 98.76 மைல், அதாவது 159 கிலோமீட்டர். புதிய உலக சாதனை! ஆனால், செக்ரேவ் நிறுத்தவில்லை. மூன்றாவது முறையாகப் படகைத் திருப்பினார். அந்த ஓட்டத்தில் படகு கவிழ்ந்தது. கூட இருந்த ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினீயர் விக்டர் ஹாலிவெல் அங்கேயே உயிரிழந்தார். இன்னொரு மெக்கானிக் உயிர் தப்பினார். செக்ரேவைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்குச் சற்று நினைவு திரும்பியபோது, சாதனை முறியடிக்கப்பட்ட செய்தியைச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் அவரும் இறந்துபோனார்.

தண்ணீரில் மிதந்த மரக்கட்டையில் படகு மோதியிருக்க வேண்டும் என்பதே பரவலான கருத்து. இன்ஜின்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன. அந்த வேகத்தில் வந்த அடியைத் தாங்க முடியாமல்போனது படகின் அடிப்பாகம்தான்.

அந்தப் படகுக்குள் இருந்தவை விமானத்துக்காகச் செய்யப்பட்ட இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் 'ஆர்' இன்ஜின்கள். ஒவ்வொன்றும் 36.7 லிட்டர் கொள்ளளவு. அதே அளவில் அந்த நிறுவனம் முன்பு செய்த 'பஸ்ஸர்டு' இன்ஜின் கொடுத்தது ஏறக்குறைய 800, 900 குதிரைத்திறன். 'ஆர்' இன்ஜினோ 1929-லேயே 1,900 குதிரைத்திறன் கொடுத்தது. சிலிண்டரின் அளவு கூடவே இல்லை. திறன் மட்டும் இரண்டு மடங்கு! வேகமாகச் சுழலும்படி இன்ஜினை மாற்றியதும், பென்சோல் கலந்த தனி எரிபொருளும் இதற்குக் காரணங்கள். எல்லாவற்றையும்விட முக்கியக் காரணம், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டிய ஒரு கருவி. அதன் பெயர் சூப்பர்சார்ஜர்.

இன்றும் தனக்கெனப் படகு கட்டிக்கொள்ளும் வேகப் பிரியர்கள், அதன் இன்ஜினில் பூட்ட ஆசைப்படும் முதல் பொருள் இதுதான். வாங்கிப் பூட்டுவது சில நாள் வேலை. பூட்டியதைத் தாங்கும்படி மற்ற எல்லாவற்றையும் மாற்றுவதுதான் பெரிய வேலை.

இன்ஜினுக்கும் மூச்சு உண்டு

கொல்லன் பட்டறையில் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு சூப்பர்சார்ஜர் எளிதில் புரியும். அடுப்பில் கரி அப்படியே இருக்கும். துருத்தியை அழுத்தினால் தணல் வெள்ளையாகப் பழுக்கும். கூடுதலாகப் போனது காற்று மட்டுமே.

பெட்ரோல் இன்ஜினிலும் இதுதான் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். அதற்கு ஈடான காற்றை உள்ளே கொண்டுபோவதுதான் சிரமம். சாதாரண இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று தானாக உள்ளே வரும். வெளியில் இருக்கும் வளிமண்டல அழுத்தம் எவ்வளவு தள்ளுகிறதோ, அவ்வளவுதான் வரும். பல நேரங்களில் சிலிண்டர் முழுதாக நிரம்புவதுகூட இல்லை.

சூப்பர்சார்ஜர் இங்கேதான் நுழைகிறது. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட்டோ, பற்சக்கரமோ மூலம் சுழன்று, காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம். இரண்டும் கூடினால் திறன் கூடும்.

டர்போசார்ஜரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால், அதைச் சுழற்றுவது வெளியேறும் புகை. புகை வேகம் பிடித்த பிறகே டர்போ முழு வேலையைத் தொடங்கும். சூப்பர்சார்ஜர் இன்ஜினோடு சேர்ந்தே சுழல்வதால், ஓட்டுபவர் லீவரைத் தள்ளிய மறுகணமே பலம் கிடைக்கும். அந்த உடனடி உந்துதலுக்காகத்தான் படகுக்காரர்கள் இதை விரும்புகிறார்கள்.

இந்த பலம் இலவசமாக வருவதில்லை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றவே இன்ஜின் தன் பலத்தில் ஒரு பங்கைச் செலவிட வேண்டும். பெரிய இன்ஜின்களில் அது பல பத்துக் குதிரைத்திறன்.

கம்பளி ஆலையில் பிறந்த ஊதி

சூப்பர்சார்ஜர்களில் பெயர் பெற்ற வகை 'ரூட்ஸ் புளோயர்'. வேர் என்ற பொருளில் வந்த பெயர் அல்ல இது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்களின் குடும்பப் பெயர்.

இவர்களுக்குக் கம்பளி ஆலை இருந்தது. ஆலையை ஓட்டிய நீர்ச்சக்கரத்துக்குப் பதிலாக வேறொன்றைச் செய்துபார்க்கும் முயற்சியில், ஒரு கூட்டுக்குள் ஒன்றையொன்று தழுவியபடி சுழலும் இரண்டு உருளைகளை அமைத்தார்கள். நீர்ச்சக்கரமாக அது எடுபடவில்லை. ஆனால், கையால் சுழற்றினால் காற்றைப் பலமாக ஊதித் தள்ளியது. 1860-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊத அந்தக் கருவி போனது. துருத்தியின் வேலைதான்!

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1900-ல், ஜெர்மனியின் காட்லீப் டைம்லர் இந்த ஊதியை இன்ஜினோடு சேர்த்துக் காப்புரிமை பெற்றார். 1921-ல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில், சூப்பர்சார்ஜர் பொருத்திய மெர்சிடஸ் கார்கள் விற்பனைக்கென்றே வைக்கப்பட்டன.

48 சிலிண்டர் படகு

கார்களில் வந்தது படகுக்கு வராமல் இருக்குமா? 1930-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் ஒரு போட்டி நடந்தது. இங்கிலாந்தின் பக்கம் 'மிஸ் இங்கிலாந்து' படகுகள். அமெரிக்காவின் பக்கம் கார் வுட். கார் என்பது வாகனத்தைக் குறிக்கவில்லை. அவருடைய பெயரின் சுருக்கம்.

1931 மார்ச்சில் மயாமி பீச்சில் கார் வுட்டின் 'மிஸ் அமெரிக்கா 9' மணிக்கு 102 மைலைக் கடந்தது. தண்ணீரில் நூறு மைல் என்ற எல்லை உடைந்தது அப்போதுதான். சில வாரங்களில் பதில் வந்தது. விண்டர்மியர் ஏரியின் அடியிலிருந்து மீட்கப்பட்டு, பழுது பார்க்கப்பட்ட அதே 'மிஸ் இங்கிலாந்து 2', கே டான் என்பவர் ஓட்ட, அந்தச் சாதனையை முறியடித்தது.

கார் வுட் அடுத்து கட்டியது 'மிஸ் அமெரிக்கா 10'. நீளம் 38 அடி. உள்ளே நான்கு பேக்கார்டு வி12 இன்ஜின்கள். மொத்தம் 48 சிலிண்டர்கள். எல்லாமே சூப்பர்சார்ஜர் பொருத்தியவை. 1932 செப்டம்பர் 20 அன்று மிச்சிகனின் செயின்ட் கிளேர் ஆற்றில் அது தொட்ட வேகம் மணிக்கு 124.86 மைல். கிலோமீட்டர் கணக்கில் 200-ஐத் தாண்டிவிட்டது.

இவை கோடீஸ்வரர்களின் படகுகள். விமான இன்ஜினையும் அதற்கான இன்ஜினீயர்களையும் வைத்திருக்கும் வசதி யாருக்கு இருக்கும்? சூப்பர்சார்ஜர் சாதாரண மெக்கானிக்கின் கைக்கு வந்தது வேறொரு வழியில். அதற்கு ஓர் உலகப் போர் தேவைப்பட்டது.

நார்மண்டி கரையில் ஓர் இன்ஜின்

1944 ஜூன் 6. நார்மண்டி கடற்கரையில் நேச நாடுகளின் படைகள் இறங்கிய நாள். போர்ப் படங்களில் பார்த்திருப்போம். தட்டையான மூக்கு கொண்ட படகு கரையை முட்டும். முன்பக்கக் கதவு பாலம் போல விழும். வீரர்கள் தண்ணீரில் குதித்து ஓடுவார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் படகு வியாபாரி ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் வடிவமைத்தது அது. லூசியானா சதுப்பு நிலங்களில் வேட்டைக்காரர்களுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களுக்கும் படகு கட்டிப் பழகியவர் அவர். போரை வென்று தந்தவர் ஹிக்கின்ஸ்தான் என்ற பொருளில் தளபதி ஐசனோவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

36 அடி நீளம். பெரும்பகுதி பிளைவுட். 36 வீரர்களைச் சுமக்கும். போர்க்காலத்தில் இந்த வகைப் படகுகள் 20,000-க்கும் மேல் கட்டப்பட்டன. பெரும்பாலானவற்றில் இருந்தது 225 குதிரைத்திறன் கொண்ட 'கிரே மரைன்' டீசல் இன்ஜின். அதன் அடிப்படை, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1938-ல் அறிமுகப்படுத்திய '6-71' இன்ஜின். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்பதே அந்த எண்ணின் பொருள். பேருந்துகளிலும் ராணுவ டாங்கிகளிலும் இதே இன்ஜின் ஓடியது.

இது இரண்டு ஸ்ட்ரோக் டீசல். எரிந்த புகையைத் தானாக வெளியே தள்ளிவிட்டுப் புதுக் காற்றை உறிஞ்சும் வசதி இதற்குக் கிடையாது. வெளியிலிருந்து யாராவது ஊத வேண்டும். அதற்காக இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு ரூட்ஸ் ஊதியைப் பொருத்தியிருந்தார்கள். திறனைக் கூட்டும் வேலை அதற்கு இல்லை. புகையை வெளியேற்றி, சிலிண்டருக்குள் புதுக் காற்றை நிரப்பும் வேலை மட்டுமே.

பழைய இரும்பிலிருந்து பந்தயத்துக்கு

போர் முடிந்தது. கலிபோர்னியாவில் பழைய கார்களை வேகப்படுத்தி ஓட்டும் இளைஞர் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. பழைய லாரி, பேருந்து இன்ஜின்களின் பக்கத்தில் தொங்கிய அந்த ஊதிகள் அவர்கள் கண்ணில் பட்டன. 1940-களின் கடைசியில் பார்னி நவாரோ என்ற மெக்கானிக், மூன்று சிலிண்டர் டீசலின் சிறிய '3-71' ஊதியை ஃபோர்டு வி8 பெட்ரோல் இன்ஜின் மீது ஏற்றினார். இந்த வழியைத் தொடங்கிவைத்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பெரிய '6-71'-ஐ எடுத்துக்கொண்டார்கள். கார் பந்தயத்தில் ஜெயித்த உத்தி, விரைவிலேயே தண்ணீருக்கும் வந்தது. 1932 ஒலிம்பிக்கின் துடுப்புப் படகுப் போட்டிக்காக அமைக்கப்பட்ட லாங் பீச் மரைன் ஸ்டேடியத்தில், நேர்க்கோட்டில் சீறிப்பாயும் டிராக் படகுகள் போட்டியிட்டன. படகுகளின் நடுவே, மூடியே இல்லாமல், பளபளக்கும் வி8 இன்ஜின். அதன் தலையில் கிரீடம் போல அந்த ஊதி. போர்ப் படகில் புகையை வெளியேற்றிய அதே கருவி, உல்லாசப் படகில் வேகத்துக்கான கருவியாக மாறியது.

விமான இன்ஜின்களும் மலிவாகக் கிடைத்தன. போர் விமானங்களில் இருந்த 28 லிட்டர் ஆலிசன் வி12 இன்ஜினில் சூப்பர்சார்ஜர் உள்ளேயே அமைந்திருக்கும். சியாட்டில் நகரத்தில் ஸ்டான்லி சேயர்ஸ், டெட் ஜோன்ஸ், ஆங்கர் ஜென்சன் மூவரும் உழைத்து உருவாக்கிய 'ஸ்லோ-மோ-ஷன் 4' என்ற படகில் இருந்தது அப்படியொரு ஆலிசன்தான். 1950 ஜூன் 26 அன்று வாஷிங்டன் ஏரியில் அந்தப் படகு மணிக்கு 160.323 மைல் வேகத்தில் பாய்ந்தது. 1939 முதல் நின்ற மால்கம் கேம்ப்பெலின் 141.74 மைல் சாதனை ஒரே காலையில் காணாமல்போனது.

பூட்டும் முன் ஒரு கணக்கு

இன்று ஒருவர் தனக்கென ஒரு படகு கட்டி, 7.4 லிட்டர் வி8 இன்ஜினில் '6-71' வகை ஊதியைப் பூட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இப்படிப் போகும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால், கிராங்க் ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்குக் கொள்ளளவில் பாதி, அதாவது அதிகபட்சம் 3.7 லிட்டர் காற்றைத்தான் இழுக்கும். ஊதியோ தன்னுடைய ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 6.7 லிட்டரைத் தள்ளும். இரண்டையும் ஒரே வேகத்தில் சுழலவிட்டால், குடிக்கக் கூடியதைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை வாயில் ஊற்றிய கதைதான். எனவே, ஊதியின் புல்லியைப் பெரிதாகவும் கிராங்க் புல்லியைச் சிறிதாகவும் வைப்பார்கள். இன்ஜின் 100 சுற்று சுற்றினால் ஊதி 70 சுற்று என்பது போல. எவ்வளவு அழுத்தம் என்பதை முடிவு செய்வது இந்த இரண்டு புல்லிகள்தான். புல்லியை மாற்றினால் இன்ஜினின் குணமே மாறிவிடும். 'இன்னும் கொஞ்சம் சின்ன புல்லி போட்டுப் பார்ப்போமே' என்ற ஆசையில்தான் பல இன்ஜின்களின் ஆயுள் முடிகிறது.

அடுத்தது வெப்பம். டயருக்குக் காற்று அடிக்கும்போது சொல்லும் அதே பி.எஸ்.ஐ. கணக்கில், 7 பி.எஸ்.ஐ. கூடுதல் அழுத்தம் என்றால் வளிமண்டலத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அப்படியானால் காற்றும் ஒன்றரை மடங்கு போகுமா? போகாது. சைக்கிள் பம்ப் அடித்தால் அதன் அடிப்பக்கம் சுடும் அல்லவா? அதே போல, 30 டிகிரியில் உள்ளே போன காற்று ரூட்ஸ் ஊதியிலிருந்து 90 டிகிரியை ஒட்டி வெளியே வரும். சூடான காற்று விரியும். கடைசியில் சிலிண்டருக்குள் போவது கால் பங்கு கூடுதல் காற்றுதான்.

இங்கே படகுக்கு ஒரு வரம் உண்டு. சுற்றிலும் தண்ணீர்! ஊதிக்கும் சிலிண்டருக்கும் இடையில் இன்டர்கூலர் வைத்து, ஏரித் தண்ணீரை அதில் ஓடவிட்டால், காற்றை 45 டிகிரிக்குக் கொண்டுவரலாம். அப்போது நாற்பது சதவிகிதத்துக்கு மேல் கூடுதல் காற்று கிடைக்கும். கடல் நீர் என்றால் உப்பு அரிக்கும். அதைத் தாங்கும் உலோகமும், ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவும் பழக்கமும் வேண்டும்.

எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

முதலில் இன்ஜினின் உடல்நலம். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தளர்ந்த இன்ஜினில் ஊதியைப் பூட்டுவது, ஆஸ்துமா நோயாளியை மாரத்தான் ஓடச் சொல்வது போல.

அடுத்து பிஸ்டன். சாதாரண பிஸ்டன் வார்ப்பில் செய்யப்படுவது. இங்கே வேண்டியது, சூடான அலுமினியத்தை அடித்து அழுத்தி உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன். இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதத்தையும் குறைக்க வேண்டும். பம்ப்பில் கிடைக்கும் பெட்ரோலில் ஓட்டுவதானால் 7.5 முதல் 8.5 வரை வைப்பது வழக்கம். காரணம் 'நாக்கிங்'. வெளியே ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்றை உள்ளே மறுபடியும் அழுத்தும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ முழுவதும் பரவுவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிடும். சுத்தியலால் அடிப்பது போன்ற அந்த அடி தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். இதைத் தவிர்க்கவே தீப்பொறி வரும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விடுகிறார்கள்.

பிஸ்டன் ரிங்குகளின் இடைவெளியைக்கூட அதிகப்படுத்த வேண்டும். வெப்பத்தில் ரிங் விரிந்து இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டால் சிலிண்டர் சுவரே கீறிவிடும். ஒரு தாளின் கனம் அளவுக்கான இந்த விஷயம், மொத்த இன்ஜினின் விதியைத் தீர்மானிக்கும்.

பெட்ரோல் பம்ப், குழாய்கள் எல்லாம் பெரிதாக வேண்டும். முழு வேகத்தில் பெட்ரோல் ஒரு நொடி குறைந்தாலும் கலவை வறண்டு, வெப்பம் எகிறும். பழைய பாணியில் கார்புரேட்டரை ஊதியின் தலைமேலேயே வைப்பார்கள். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே சுழலும் உருளைகளும் குளிரும் என்பது இதில் ஒரு லாபம். கலவையை அளக்கும் சென்சாரைப் படகில் எங்கே வைப்பது என்பதும் முக்கியம். படகின் புகைக்குழாயில் குளிர்விக்கத் தண்ணீர் கலக்கப்படும். அந்த இடத்துக்கு முன்னாலேயே சென்சார் இருக்க வேண்டும். ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

படகுக்குச் சரிவுப் பாதை கிடையாது

'என் காரில் பூட்டினேன், நன்றாகத்தானே ஓடுகிறது' என்பவர்கள் படகில் ஏமாறுவது இங்கேதான். கார் நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது, இன்ஜின் தன் முழு பலத்தில் சிறு பங்கைத்தான் கொடுக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் கார் உருளும். இறக்கம் வந்தால் ஓய்வு. படகுக்கு இந்த ஓய்வு கிடையாது. தண்ணீர் எப்போதும் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். மலை ஏறும் லாரி போல, முழு நேரமும் சுமை. காரில் சில நொடிகள் மட்டும் வரும் சூப்பர்சார்ஜர் அழுத்தம், படகில் நிமிடக்கணக்கில் நீடிக்கும். காரில் தப்பிக்கும் சிறு தவறு, படகில் பிஸ்டனை உருக்கிவிடும். அதனால்தான் படகுக்கு ஊதியைப் பூட்டும் அனுபவசாலிகள், அதே இன்ஜினுக்குக் காரில் வைப்பதைவிடக் குறைந்த அழுத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

புரொப்பெல்லரும் தன் பங்குக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதைச் சுழற்றத் தேவையான திறன், வேகத்தோடு மூன்று மடிப்பாக ஏறும். சுழற்சி 10 சதவிகிதம் கூட வேண்டுமானால், திறன் ஏறக்குறைய 33 சதவிகிதம் கூட வேண்டும். இவ்வளவு பாடுபட்டு, திறனைக் கால் பங்கு கூட்டினால், 100 கிலோமீட்டர் வேகத்தில் போன படகு 110-ஐத் தொடும். அவ்வளவுதான்! அதற்கும்கூட புதிய திறனுக்கு ஏற்ற புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அலையில் படகு துள்ளும்போது புரொப்பெல்லர் தண்ணீரைவிட்டு வெளியே வரும். சுமை இல்லாத இன்ஜின் கணத்தில் எகிறிச் சுழலும். மறுகணம் புரொப்பெல்லர் தண்ணீரில் இறங்கும்போது, சுவரில் மோதியது போன்ற அடி ஷாஃப்ட்டுக்கும் கியருக்கும் விழும். இன்ஜின் பலம் கூடினால் இந்த அடியும் கூடும். ஷாஃப்ட், கப்ளிங், இன்ஜினைத் தாங்கும் சட்டம், படகின் உடல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். விண்டர்மியர் ஏரியில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

நான்கு நிமிடப் பொறுமை

எல்லாவற்றையும்விட ஆபத்தானது தீ. காரில் பெட்ரோல் கசிந்தால் ரோட்டில் சொட்டிப்போகும். படகின் அடிவயிறு ஒரு மூடிய பாத்திரம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தது எல்லாம் அந்தப் பாத்திரத்தில் தங்கும். ஒரு பொறி போதும். ஓடித் தப்பிக்க ரோடும் கிடையாது.

இதனால்தான் அமெரிக்காவில், 1940 ஏப்ரல் 25-க்குப் பிறகு படகின் உள்ளே பொருத்தப்படும் பெட்ரோல் இன்ஜின்களுக்குத் தீத்தடுப்பு வலை கட்டாயம். காற்று நுழையும் வாயில் இருக்கும் இந்த உலோக வலை, இன்ஜின் உள்ளிருந்து தும்மும்போது வரும் தீ வெளியே பாயாமல் தடுக்கும். சூப்பர்சார்ஜர் உள்ள இன்ஜினில் இந்தத் தும்மல் இன்னும் பயங்கரமானது. ஊதிக்கும் அதன் கீழே உள்ள குழாய்க்கும் நடுவே அழுத்தப்பட்ட பெட்ரோல் கலவை நிறைந்திருக்கும். அது பற்றிக்கொண்டால் ஊதியே பெயர்ந்து பறக்கலாம். அதற்காக அழுத்தம் மீறினால் திறந்துகொள்ளும் வால்வு வைப்பார்கள். பந்தயப் படகுகளில் ஊதியை வலுவான பட்டைகளால் கட்டியும் வைப்பார்கள்.

காரின் ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் விலை குறைவு என்று படகில் மாட்டக் கூடாது. படகுக்கென்றே செய்யப்பட்டவற்றில், உள்ளே எழும் பொறி வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி மறைப்பு இருக்கும். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் தெரியும் நாளில் காலம் கடந்திருக்கும்.

இன்ஜினைக் கிளப்பும் முன், அடிவயிற்றில் தேங்கிய ஆவியை வெளியேற்றும் மின்விசிறியை நான்கு நிமிடங்களாவது ஓடவிட வேண்டும் என்பது படகுக்காரர்களின் பாலபாடம். வேடிக்கை என்னவென்றால், அந்த மின்விசிறிக்கும் ஆங்கிலத்தில் 'புளோயர்' என்றே பெயர். வேகம் தருவது ஒரு புளோயர். உயிரைக் காப்பது இன்னொரு புளோயர். பின்னதன் விலை மிகக் குறைவு.

ஓட்டுநர் தூக்கி வீசப்பட்டால் இன்ஜினைத் தானாக நிறுத்தும் கயிறும் அப்படித்தான். ஒரு முனை ஓட்டுநரின் உடலில், மறு முனை சுவிட்சில். 26 அடிக்குக் குறைவான வேகப் படகுகளில் இதை மாட்டிக்கொள்வதை 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கா சட்டமாக்கியது.

எப்போது போதும் என்பது?

எடி ஹில் என்ற அமெரிக்க வீரரின் கதை இங்கே பொருத்தமானது. தரையில் பந்தயக் கார்கள் ஓட்டியவர், பிறகு டிராக் படகுக்கு வந்தார். சூப்பர்சார்ஜர் பூட்டிய படகில் மணிக்கு 229 மைல் வேகத்தைத் தொட்டார். 1984-ல் அரிசோனாவில் படகு சிதறி, பலத்த காயத்தோடு தப்பினார். 'தண்ணீர் போதும்' என்று மீண்டும் கார்களுக்கே திரும்பினார். 1988-ல் கால் மைல் தூரத்தை ஐந்து நொடிகளுக்குள் கடந்த முதல் கார் ஓட்டுநர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. விலகியதால் அவர் எதையும் இழந்துவிடவில்லை.

படகு இன்ஜின் தயாரிப்பாளர்களும் இந்தக் கேள்விக்குத் தங்கள் வழியில் பதில் சொல்லியிருக்கிறார்கள். 2004-ல் மெர்குரி நிறுவனம் 'வெராடோ' என்ற அவுட்போர்டு இன்ஜினைக் கொண்டுவந்தது. ஆறு சிலிண்டர், 2.6 லிட்டர், தொழிற்சாலையிலேயே பொருத்திய சூப்பர்சார்ஜர். சிறிய உடம்பில் பெரிய பலம். ஆனால், 2018-ல் அதே பெயரில் வந்த 4.6 லிட்டர் வி8-ல் சூப்பர்சார்ஜர் இல்லை. 2021-ல் வந்த 600 குதிரைத்திறன் வி12-லும் இல்லை. சிறிய இன்ஜினைக் கசக்கிப் பிழிவதற்குப் பதில், பெரிய இன்ஜினை நிதானமாக ஓடவிடும் வழி. அதே நிறுவனத்தின் பந்தயப் பிரிவு மட்டும் 2019-ல் 450 குதிரைத்திறன் இன்ஜினில் சூப்பர்சார்ஜரை வைத்துக்கொண்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் தவறான பொருள் இல்லை. தேவை தெரிந்து, அளவு தெரிந்து பூட்டினால், பல ஆண்டுகள் பத்திரமாக உழைக்கும். குடும்பத்தோடு ஏரியைச் சுற்றிவர அது தேவைப்படுவதில்லை. வேகமே வேண்டும் என்பவர் முதலில் பிஸ்டனுக்கும், பெட்ரோல் குழாய்க்கும், தீத்தடுப்பு வலைக்கும், படகின் உடலுக்கும் செலவு செய்ய வேண்டும். பளபளக்கும் அந்தக் கிரீடத்தைக் கடைசியில் வாங்கினால் போதும்.

துருத்தியை ஓங்கி அழுத்த யாராலும் முடியும். நல்ல கொல்லனின் கண் துருத்தியில் இருக்காது. இரும்பின் நிறத்தில் இருக்கும். எந்தச் சிவப்பில் நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்!